விர்டஸ் ஜிடி, வெர்னா டர்போ: நேர் ரோட்ல எது முன்னாடி போகுது? மூணு வருஷம் ஓட்டிப் பாத்த அனுபவம்

ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் ஜிடி செடான் வெச்சிருக்கேன்னு சொன்னாலே அடுத்த கேள்வி ரெடியா வந்துரும், "ஹூண்டாய் வெர்னா டர்போ இத விட ஸ்பீடாமே?" பெட்ரோல் பங்க்ல கேக்கறாங்க, கல்யாண மண்டப பார்க்கிங்ல கேக்கறாங்க, ஆபீஸ் லிஃப்ட்ல கூட ஒருத்தர் கேட்டாரு. மைலேஜ் எவ்ளோன்னு கேட்ட காலமெல்லாம் போச்சு போல. சரி, இத ஒரு தடவ உக்காந்து முழுசா எழுதிருவோம்னு தோணுச்சு, ஏன்னா என்கிட்ட 1.5 டிஎஸ்ஐ டிஎஸ்ஜி (1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் இஞ்சின், டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) இருக்கு, 2022 கடைசில எடுத்தது, ஐம்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டிருச்சு, என் மனைவியோட தம்பி, நான் மாப்ளன்னு கூப்பிடறவன், அவன்கிட்ட 2023 வெர்னா டர்போ டிசிடி (இதுவும் டூயல் கிளட்ச்தான்) இருக்கு, ரெண்டு வண்டியும் பாதி நாள் ஒரே வாசல்லதான் நிக்கும், சாவி எது கைக்கு வருதோ அத எடுத்துட்டு போற பழக்கம் எங்க ரெண்டு பேருக்குமே உண்டு. அதனால யூடியூப் வீடியோ பாத்து எழுதறது இல்ல இது.

முதல்ல பேப்பர்ல இருக்கறத சொல்லிடறேன். விர்டஸ் 150 பிஎஸ் (குதிரை சக்தி கணக்கு), 250 நியூட்டன் மீட்டர் டார்க் (இஞ்சினோட திருகு விசை). வெர்னா 160 பிஎஸ், 253. ரெண்டுலயும் 7 கியர் டூயல் கிளட்ச் (ரெண்டு கிளட்ச் வெச்சு தானா கியர் மாத்தற பாக்ஸ்), ரெண்டுலயும் 205/55 ஆர்16 டயர், ரெண்டும் சுமார் ஒண்ணேகால் டன் எடை, ரெண்டும் முன் சக்கர டிரைவ். வெர்னா டர்போ நின்ன இடத்துல இருந்து 100 கிலோமீட்டர் வேகம் (0-100) போக 8.1 செகண்ட்னு ஹூண்டாய் சொல்லுது, விர்டஸ் யார் அளந்தாலும் 9 செகண்டுக்கு கொஞ்சம் முன்ன பின்னதான் வரும். பேப்பர்ல பாத்தா கேஸ் முடிஞ்சுது, வெர்னா ஜெயிச்சுது, வீட்டுக்கு போலாம். ஆனா ரெண்டையும் மாத்தி மாத்தி ஓட்டினவனுக்கு அந்த ஒரு செகண்ட் எங்க இருந்து வருதுன்னு பாக்கும்போதுதான் சுவாரசியமே ஆரம்பிக்குது. என்னோட முடிவ இப்பவே சொல்லிடறேன், இந்த மாதிரி கார்கள்ல நேர் ரோட்டு வேகத்த முடிவு பண்றது பத்து பிஎஸ் வித்தியாசம் கிடையாது, இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல உக்காந்திருக்கற கிளட்ச்சும், அதுக்கு கீழ இருக்கற டயரும்தான். ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், பிஎம்டபிள்யூ எம்340ஐ வரைக்கும் இதே கதைதான், கடைசில சொல்றேன்.

நம்பிக்கை இல்லாதவங்களுக்கு ஒரு சின்ன பள்ளிக்கூட கணக்கு. என் வண்டி ஆளோட சேத்து 1,350 கிலோன்னு வெச்சுக்கோங்க. அத நின்ன இடத்துல இருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்கு கொண்டு போக தேவையான எனர்ஜி சுமார் 520 கிலோஜூல். 150 பிஎஸ்னா 110 கிலோவாட். வகுத்துப் பாத்தா நாலே முக்கால் செகண்ட் வருது! ஆனா வண்டி எடுத்துக்கறது 9. மீதி நாலு செகண்டுக்கு மேல எங்க போச்சு? இஞ்சினுக்குள்ள காத்த அமுக்கி அனுப்பற டர்போ சுத்த ஆரம்பிக்கற வரைக்கும் கொஞ்சம், டயர் வழுக்கறதுல கொஞ்சம், காத்து எதிர்ப்புல கொஞ்சம், கிளட்ச் மெதுவா புடிக்கறதுல நிறைய, அப்புறம் இஞ்சின் தன்னோட முழு 150 பிஎஸ்ஸ நிமிஷத்துக்கு 5,000 தடவைக்கு மேல சுத்தும்போது மட்டும்தான் குடுக்குது, கீழ இருந்து ஏறி வரும்போது அவ்ளோ இல்ல. ஆக இங்க நடக்கற போட்டி யார்கிட்ட பவர் அதிகம்னு இல்ல, யார் கம்மியா வீணாக்கறாங்கன்னு.

அளக்கற விஷயத்துலயே பாதி பேர் ஏமாந்து போறாங்க, அதனால அதையும் சொல்லணும். ஸ்பீடோமீட்டர வீடியோ எடுத்து ஸ்டாப்வாட்ச் வெச்சு "என் வண்டி 8.4"ன்னு போடறாங்க இல்ல, அதுல ஸ்பீடோமீட்டரே பொய் சொல்லும். எந்த கம்பெனியும் ஸ்பீடோமீட்டர உண்மைய விட கம்மியா காட்டற மாதிரி வைக்கவே மாட்டாங்க, எப்பவும் கொஞ்சம் ஏத்திதான் காட்டும், முள்ளு 100ல நிக்கும்போது ஜிபிஎஸ்ல 96, 97னு இருக்கும். அந்த கடைசி மூணு நாலு கிலோமீட்டருக்கு இந்த வண்டிகளுக்கு அர செகண்ட் ஆகும், அங்கயே உங்க வெற்றி தோல்வி மாறிடும். அடுத்து ஜிபிஎஸ் கருவி வெச்சு அளக்கறவங்க, அதுல ரோல்அவுட்னு ஒண்ணு இருக்கு, முதல் ஒரு அடி தூரம் வண்டி நகந்ததுக்கு அப்புறம்தான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும், அமெரிக்க டிராக் ஸ்ட்ரிப் பழக்கம் அது, அத ஆன் பண்ணி வெச்சா 0.2, 0.3 செகண்ட் சும்மா குறையும். ஒருத்தர் அத ஆன் பண்ணி அளந்திருப்பாரு, இன்னொருத்தர் ஆஃப்ல அளந்திருப்பாரு, ரெண்டு பேரும் கமெண்ட்ல அடிச்சுக்குவாங்க. அப்புறம் லேசா இறக்கமா இருக்கற ரோடு, பின்னாடி இருந்து வீசற காத்து... ரெண்டு திசைலயும் ஓட்டி சராசரி எடுக்காத எந்த நம்பரையும் நான் கணக்குல எடுக்கறதில்ல.

எங்க அளந்தேன்னு கேப்பீங்க. பைபாஸ்ல ராத்திரி ரேஸ் விடற ஆளு நான் இல்ல, பொது ரோட்ல ரேஸ் விட்டா மோட்டார் வாகனச் சட்டம் 189வது பிரிவுல 3 மாசம் வரை ஜெயில், 5,000 வரை ஃபைன், 2019 திருத்தத்துக்கு அப்புறம் இதுதான் நிலைமை, அதையும் தாண்டி நம்ம ஊரு பைபாஸ்ல எப்ப எந்த பக்கம் இருந்து மொபட் குறுக்க வரும்னு யாருக்கும் தெரியாது. இருங்காட்டுக்கோட்டை ட்ராக்ல காசு கட்டி ஓட்டறதுக்கு விடற நாள்ல ரெண்டு வண்டியையும் சென்னை வரைக்கும் ஓட்டிட்டு போனோம். அந்த ட்ராக் 1990ல வந்தது, அதுக்கு முன்னாடி சோழவரத்துல ரெண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுபாதைலதான் மெட்ராஸ் ரேஸ் எல்லாம் நடந்துச்சு, எங்க அப்பா அங்க போய் பாத்த கதைய இன்னைக்கும் விடாம சொல்லுவாரு. இதுல ஒரு கூத்து என்னன்னா வெர்னா தயாராகற ஹூண்டாய் ஃபேக்டரியும் அதே இருங்காட்டுக்கோட்டைதான். மாப்ள உள்ள நுழையும்போதே "மாமா, என் வண்டிக்கு இது அம்மா வீடு, இன்னைக்கு நீங்க காலி"ன்னு ஆரம்பிச்சிட்டான்.

சரி, ஸ்டார்ட். நின்ன இடத்துல இருந்து ரெண்டு வண்டியும் ஒரே நேரத்துல கிளம்பினா முதல் 20, 30 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் கிட்டத்தட்ட ஒட்டியே போகும். சில நேரம் விர்டஸ் மூக்கு நுனி முன்னாடி இருக்கும், சில நேரம் வெர்னா. இதுக்கு காரணம் ரெண்டுலயும் இருக்கறது ட்ரை கிளட்ச். அதாவது கிளட்ச் தகடு எண்ணெய்ல முங்காம காஞ்சே உரசிப் புடிக்கற டைப். எடை கம்மி, விலை கம்மி, மைலேஜும் நல்லா வரும், ஆனா சூடு வெளிய போக வழி கம்மி. அதனால இந்த டைப் கியர்பாக்ஸ் வெச்ச எந்த காரா இருந்தாலும் கிளம்பும்போது கம்ப்யூட்டர் ரொம்ப பயந்து பயந்துதான் டார்க்க விடும், நீங்க பெடல தரையோட தரையா மிதிச்சாலும் அது "இருங்க இருங்க"ன்னு ஒரு அர நொடி எடுத்துக்கும். விர்டஸ்ல இருக்கற டிக்யூ200 கியர்பாக்ஸ் தாங்கற டார்க்கே 250 நியூட்டன் மீட்டர்தான்னு கம்பெனி கணக்கு, இஞ்சின் குடுக்கறதும் சரியா 250. மிச்சம் மீதின்னு ஒண்ணும் இல்ல. ரீமேப் பண்ணி, அதாவது இஞ்சின் சாஃப்ட்வேர மாத்தி, 190, 200 பிஎஸ் ஏத்தறவங்க இத கொஞ்சம் யோசிங்க, இஞ்சின் தாங்கும், அதுக்கு பின்னாடி இருக்கறதோட நிலைமை என்னன்னு கேளுங்க.

30ல இருந்து 60 வரைக்கும்தான் வெர்னா தன் வேலைய காட்டும். அதோட டார்க் 1,500லயே முழுசா வந்துரும், விர்டஸ்க்கு 1,600, இது பெரிய வித்தியாசம் இல்ல, ஆனா வெர்னா தர்ற விதம் வேற, ஒரேயடியா வந்து விழும். அந்த நேரத்துல முன் டயர் கத்தும், ஸ்டியரிங் கைல லேசா இழுக்கும், டயர் வழுக்கறத தடுக்கற ட்ராக்ஷன் கண்ட்ரோல் லைட் கண்ணடிக்கும். முன் சக்கர டிரைவ் வண்டியோட தலையெழுத்தே இதுதான், வேகம் எடுக்கும்போது எடை முழுக்க பின்னாடி சாயும், முன்னாடி மூக்கு தூக்கும், பவர் போற டயர் மேலயே பாரம் குறையும். அதிகமா மிதிக்க மிதிக்க புடிப்பு கம்மியாகும். விர்டஸ் அந்த இடத்துல கொஞ்சம் நிதானமா டார்க்க ஏத்தறதால டயர் அவ்ளோ கத்தாது. மழை பெஞ்ச ரோடா இருந்தா சத்தியமா ரெண்டும் சமம், சில நேரம் விர்டஸ் முன்னாடி கூட போகும்.

60 தாண்டிட்டா டயர் பிரச்சனை முடிஞ்சுது, இனிமே சுத்தமா பவர் விளையாட்டு. அங்க வெர்னா மெதுவா, ஆனா நிக்காம விலகிப் போகும். 100 தொடும்போது ஒண்ணு, ஒண்ணரை கார் நீளம் முன்னாடி இருக்கும், அதுக்கு மேல இன்னும் கொஞ்சம். கால் மைல், அதாவது 402 மீட்டர் முடியும்போது தெளிவா முன்னாடிதான். ஒத்துக்கறேன். நேர் ரோட்ல வெர்னா டர்போதான் வேகமான வண்டி, மாப்ள சொன்னது சரி, இதுல மறைக்க ஒண்ணும் இல்ல. ஆனா கம்பெனி சொல்ற மாதிரி ஒரு செகண்ட் வித்தியாசம் ஒவ்வொரு ஓட்டத்துலயும் வரல, நல்லா வந்த ஓட்டத்துல அர செகண்ட், டயர் வழுக்கினா அதுவும் இல்ல.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், சிக்னல்ல இருந்து முழு பெடல்ல கிளம்பற வேலைய நீங்களும் நானும் வருஷத்துக்கு எத்தன தடவ பண்ணப் போறோம்? தினமும் பண்றது 80ல போய்ட்டு இருக்கும்போது முன்னாடி போற லாரிய தாண்டறது. அவிநாசியில இருந்து பெருந்துறை, சேலம் பக்கம் போற ஹைவேல ரைட் லேன்லயே ஒட்டிட்டு போற கன்டெய்னர், அது எப்ப வழி விடும்னு பாத்துட்டே இருந்து, கேப் கிடைச்ச உடனே போகணும். பொள்ளாச்சி தாண்டி டூ லேன் ரோட்ல எதுத்தாப்ல பஸ் வருதுன்னு தெரிஞ்சு ஓவர்டேக் எடுக்கணும். அங்க 80-120தான் கணக்கு, 0-100 இல்ல. இந்த இடத்துல விர்டஸ் டி மோட்ல 7வது கியர்ல ஆயிரத்து அறுநூறு சுத்துல தூங்கிட்டு போகும், சில நேரம் நாலு சிலிண்டர்ல ரெண்ட ஆஃப் பண்ணி வெச்சிட்டு போகும், பெட்ரோல் மிச்சம் பண்றதுக்கு. நீங்க டபக்னு மிதிச்சா அது கணக்கு போட்டு, நாலு கியர் கீழ இறங்கி, டர்போவ எழுப்பி கிளம்ப ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடில எதுத்தாப்ல வர்ற பஸ் எவ்ளோ தூரம் கிட்ட வந்துரும்னு யோசிச்சுப் பாருங்க, 80ல வர்ற பஸ் ஒரு நொடிக்கு 22 மீட்டர்.

வெர்னாலயும் இதே தூக்கம் உண்டு, எக்கோ மோட்ல இன்னும் மோசம், ஆனா ஸ்போர்ட் மோட்ல போட்டு வெச்சா கியர எப்பவும் ஒண்ணு ரெண்டு கீழயே புடிச்சு வெச்சிருக்கும், மிதிச்ச உடனே கிளம்பும். விர்டஸ்ல தனியா டிரைவ் மோட் கிடையாது, லீவர கீழ தட்டி எஸ்ல (ஸ்போர்ட்) போடணும், இல்லேன்னா ஸ்டியரிங் பின்னாடி கியர் மாத்தறதுக்கு இருக்கற பேடில் ஷிஃப்டர். நான் பழகிட்ட முறை என்னன்னா, லாரிக்கு பின்னாடி போகும்போதே இடது கை பேடில ரெண்டு மூணு தட்டு தட்டி 4வதுல கொண்டு வந்து வெச்சுக்குவேன், இஞ்சின் மூவாயிரம் பக்கத்துல ரெடியா இருக்கும், கேப் கிடைச்சதும் மிதிச்சா விர்டஸ் போற போக்கே வேற! இந்த இஞ்சின்ல இன்டர்கூலர், அதாவது டர்போல சூடான காத்த ஆற வைக்கற பாகம், தண்ணி வழியா குளுமையாகற டைப், டர்போல இருந்து சிலிண்டருக்கு காத்து போற தூரம் ரொம்ப கம்மி, அதனால சுத்து ஏறியிருந்தா பெடலுக்கு பதில் உடனே வரும். இப்படி ரெடி பண்ணி வெச்சு 80-120 போனா வெர்னாவுக்கும் இதுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கறதே கஷ்டம். என் மனைவி ரெண்டையும் ஓட்டுவாங்க, அவங்களுக்கு பேடில் எல்லாம் தொட பிடிக்காது, அவங்க ஓட்டு வெர்னாவுக்குத்தான். பேடில் தொடாதவங்களுக்கு வெர்னாவே நல்ல வண்டின்னு நானும் சொல்லுவேன்.

வெயில் பத்தி யாருமே பேச மாட்டேங்கறாங்க. ஐரோப்பால 15 டிகிரில அளந்த நம்பர நம்ம ஊரு ஏப்ரல் மதியம் 40 டிகிரில எதிர்பாக்கக் கூடாது. காத்து சூடானா அடர்த்தி குறையும், 10 டிகிரிக்கும் 40 டிகிரிக்கும் நடுவுல சுமார் பத்து சதவீதம் குறையும். டர்போ அதுல கொஞ்சத்த ஈடு கட்டும், ஆனா உள்ள போற காத்து சூடா இருந்தா இஞ்சின் நாக் ஆகாம (பெட்ரோல் ஒழுங்கில்லாம தானா வெடிக்காம) இருக்க கம்ப்யூட்டர் இக்னிஷன, அதாவது ஸ்பார்க் நேரத்த, தள்ளிப் போடும், பவர் அப்படியே இறங்கும். இருங்காட்டுக்கோட்டைலயே காலைல ஓட்டினதுக்கும் பதினோரு மணிக்கு மேல ஓட்டினதுக்கும் ரெண்டு வண்டியுமே வேற மாதிரி இருந்துச்சு. அடுத்தடுத்து லாஞ்ச் (நின்ன இடத்துல இருந்து முழு பெடல்ல கிளம்பறது) பண்ணினா மூணாவது தடவைக்கு மேல விர்டஸ் சலிச்சுக்கற மாதிரி இருக்கும், நடுவுல மெதுவா ஒரு ரவுண்ட் ஓட்டி ஆற விட்டா திரும்ப சரியாகும். வெர்னாவும் அதே. ட்ரை கிளட்ச் வண்டிகள வெச்சு வரிசையா லாஞ்ச் பண்ணி விளையாடறது தேவையில்லாத செலவு, டிராஃபிக் ஜாம்ல ஊர்றதும் அதுக்கு அதே மாதிரி தண்டனைதான், இஞ்ச் இஞ்சா நகத்தாம முன்னாடி ஒரு கார் அளவு இடம் விட்டு ஒரே தடவைல நகருங்க.

ஊட்டி ஏறும்போது டர்போவோட அருமை புரியும், அங்க 2,200 மீட்டருக்கு மேல, காத்து அடர்த்தி இருபது சதவீதம் கம்மி. நண்பர் ஒருத்தரோட டர்போ இல்லாத ஹோண்டா சிட்டி 121 பிஎஸ், கீழ சமவெளில அருமையா இழுக்கும், குன்னூர் தாண்டினா மூச்சு வாங்கும். பெட்ரோல் விஷயம், 95 ஆக்டேன் பிரீமியம் பெட்ரோல் போட்டா பறக்கும்னு சொல்றவங்க இருக்காங்க, மதிய வெயில்ல லேசா ஸ்மூத்தா இருக்கற மாதிரி தோணும், நேரம் அளந்தா ஒண்ணும் பிடிபடல.

இனி பெரிய அண்ணன்கள். எங்க நண்பர் வட்டத்துல ஒருத்தர்கிட்ட ஆக்டேவியா ஆர்எஸ்245 இருக்கு, 2020ல இந்தியாவுக்கு மொத்தமே 200 வண்டிதான் வந்துச்சு, 35.99 லட்சம் எக்ஸ் ஷோரூம், அதுக்கு முன்னாடி 2017ல ஆர்எஸ்230 வந்துச்சு. 245 பிஎஸ், 370 நியூட்டன் மீட்டர், 0-100 6.6 செகண்ட். இதுல இருக்கற டிஎஸ்ஜி எண்ணெய்ல முங்கின வெட் கிளட்ச், அங்கதான் மேட்டரே. கிளம்பும்போது தயக்கமே இல்ல, பயமில்லாம கிளட்ச்ச புடிக்குது, திரும்பத் திரும்ப லாஞ்ச் பண்ணினாலும் முகம் சுளிக்காது. விர்டஸ்ல இருந்து இறங்கி இதுல ஏறினா பவர் அதிகம்னு தோணறதுக்கு முன்னாடியே, கியர்பாக்ஸ் இவ்ளோ தெளிவா இருக்கேன்னுதான் முதல்ல தோணும். இதுவும் முன் சக்கர டிரைவ்தான், ஆனா முன்னாடி எலக்ட்ரானிக் டிஃபரன்ஷியல் லாக் குடுத்திருக்காங்க, ஒரு சக்கரம் சுத்த ஆரம்பிச்சா இன்னொண்ணுக்கு டார்க்க தள்ளிடும். அப்படி இருந்தும் முதல் கியர்ல முழு பெடல் மிதிச்சா டயர் கத்தத்தான் செய்யும். 2025 அக்டோபர்ல புது ஆர்எஸ் வந்துச்சு, 265 பிஎஸ், 6.4 செகண்ட், 49.99 லட்சம், நூறே நூறு வண்டி, அறிவிச்ச வேகத்துல வித்தே போச்சு. இருபது பிஎஸ் ஏத்தியும் 0-100ல 0.2 செகண்ட்தான் குறைஞ்சிருக்கு பாருங்க, ரெண்டு முன் டயர் வழியா இதுக்கு மேல தள்ள முடியாதுங்கறதுக்கு அதுவே சாட்சி.

கூபேன்னு எடுத்தா நம்ம நாட்ல நிலைமை பாவம். ரெண்டு கதவு வண்டிய இங்க யாரு வாங்குவாங்க, பின்னாடி சீட்ல அம்மா அப்பா எப்படி ஏறுவாங்க, அதான் முதல் கேள்வி. ஃபோர்ட் மஸ்டாங் ஜிடி 2016ல வந்துச்சு, 5 லிட்டர் வி8, 401 பிஎஸ், 65 லட்சம், சத்தத்துக்கே காசு குடுக்கலாம், ஆனா நம்ம ரோட்ல அந்த நீள மூக்கோட வேகத்தடை ஏறி இறங்கறத பாத்தா எனக்கே வலிக்கும். மெர்சிடிஸ் ஏஎம்ஜி சி43 கூபே 2019ல வந்துச்சு, 390 குதிரை, 4.7 செகண்ட். இப்ப இருக்கறதுல பிஎம்டபிள்யூ எம்2தான் அசல் கூபே. அதுக்கு நேர் போட்டியா நான் ஆசைப்பட்டு பாக்கறது அதே கம்பெனி எம்340ஐ செடான், 2021ல நம்ம செங்கல்பட்டு பக்கம் இருக்கற சென்னை பிளான்ட்ல அசெம்பிள் பண்ண ஆரம்பிச்ச வண்டி, முதல்ல வந்தது 387 குதிரை, 500 நியூட்டன் மீட்டர், 4.4 செகண்ட், நாலு சக்கரத்துக்கும் பவர்.

இந்த எம்2, எம்340ஐ ரெண்டையும் ஒரே ட்ராக் நாள்ல பக்கத்து பக்கத்துல கிளம்பறத பாத்தேன், அங்கயும் எங்க வீட்டு சண்டையேதான்! அந்த எம்2ல பவர் 460 குதிரை, எடையும் பெரிய வித்தியாசம் இல்ல, கணக்குப்படி தூக்கி சாப்பிட்டிருக்கணும். ஆனா கிளம்பின உடனே எம்340ஐ தான் முன்னாடி போச்சு, ஏன்னா நாலு டயரும் ரோட்ட புடிச்சு தள்ளுது, எம்2 பின் டயர்ல புகையோட போராடிட்டு இருந்துச்சு. 80க்கு மேல எம்2 புடிச்சுது, அதுக்கப்புறம் திரும்பிப் பாக்கல. பின் சக்கர டிரைவ்ல கிளம்பும்போது எடை பின்னாடி சாயறது உதவிதான், முன் சக்கர வண்டிக்கு நேர் எதிர், ஆனா அவ்ளோ டார்க்குக்கு அந்த உதவியும் பத்தல. இன்னொண்ணு, இந்த பிஎம்டபிள்யூ ரெண்டுலயும் ஆட்டோமேட்டிக்னா டார்க் கன்வர்ட்டர் 8 கியர் பாக்ஸ். பழைய டெக்னாலஜின்னு ஒரு காலத்துல சிரிச்சோம், டூயல் கிளட்ச்தான் ரேஸ் கார் சமாச்சாரம்னு சொன்னோம். கன்வர்ட்டர்ல உரசற தகட நம்பி கிளம்ப வேண்டியதில்ல, எண்ணெய் வழியா தள்ளுது, கிளம்பும்போது டார்க்க பெருக்கியும் குடுக்குது, சூட்டுக்கும் அவ்ளோ பயப்படாது. பெட்ரோல் ஸ்போர்ட்டி செடான்ல எனக்கு பிடிச்ச கியர்பாக்ஸ் இப்ப அதுதான், விலைதான் நம்ம பக்கம் வரவே மாட்டேங்குது.

அப்புறம் ஒரு நாள் பிஒய்டி சீல் பெர்ஃபார்மன்ஸ்ங்கற எலக்ட்ரிக் கார்ல உக்காந்து போனேன். 530 குதிரை, 3.8 செகண்ட், 2024ல வந்தப்ப 53 லட்சம். கியரும் இல்ல, கிளட்ச்சும் இல்ல, டர்போவும் இல்ல. ரெண்டு டன்னுக்கு மேல எடை இருந்தும் மிதிச்ச அந்த நொடியே போய்டுச்சு, தலை சீட்ல ஒட்டிக்குச்சு, எனக்கு பின்னாடி உக்காந்திருந்த மாப்ள "ஏனுங் மாமா, அவ்ளோதானா, இனிமே நாம எதுக்கு சண்டை போடறோம்"னான். நேர் ரோட்டு வேகம் மட்டும்தான் வேணும்னா இந்த கேள்விக்கு பதில் இனிமே பெட்ரோல் பக்கம் இல்ல. ஆனா இறங்கி வந்து விர்டஸ் ஸ்டார்ட் பண்ணி 3வது கியர்ல 5,000 வரைக்கும் இழுத்தப்ப எனக்கு கிடைச்ச சந்தோஷம் அதுல கிடைக்கல, இது என் ரசனை, உங்களுக்கு வேற மாதிரி இருக்கலாம்.

வேகம் எடுக்கறத பத்தியே பேசிட்டு நிறுத்தறத விட்டுட்டா எப்படி. விர்டஸ் ஜிடில முன்னாடி பிரேக்குக்கு சிவப்பு காலிப்பர் எல்லாம் போட்டு அழகா இருக்கும், பின்னாடி எட்டிப் பாத்தா டிரம் பிரேக். 150 பிஎஸ் வண்டில இது கஞ்சத்தனம், இத எவ்ளோ சொன்னாலும் தகும். ஊருக்குள்ள, ஹைவேல ஒரு குறையும் தெரியாது, ட்ராக்ல அடுத்தடுத்து அடிச்சு நிறுத்தும்போது பெடல் கொஞ்சம் மெத்துனு ஆகுது. வெர்னா டர்போல நாலு பக்கமும் டிஸ்க், அங்க அது ஒரு படி மேல. ஆனா 120க்கு மேல ரோட்ல ஒட்டி உக்காந்து போற நம்பிக்கை விர்டஸ்லதான் அதிகம், வெர்னா சஸ்பென்ஷன் ஊருக்குள்ள மெத்துனு சுகமா இருக்கும், வேகத்துல பாலம் இணைப்பு மேல ஏறினா ஒரு தடவ கூடுதலா ஆடி அடங்கும். ரெண்டுமே 2023ல குளோபல் என்கேப் மோதல் பாதுகாப்பு சோதனைல 5 ஸ்டார் வாங்கினது, அதுல சண்டை இல்ல.

மைலேஜ், நிதானமா 90, 100ல போனா விர்டஸ் 18 பக்கம் குடுக்கும், கோயம்புத்தூர் டிராஃபிக்ல 10, 11. வெர்னா ரெண்டு இடத்துலயும் ஒண்ணு கம்மி, மாப்ள கால் எடை அதிகம்ங்கறதையும் சேத்துக்கோங்க. சர்வீஸ் செலவு ரெண்டுக்கும் நான் பயந்த அளவு இல்ல.

எது வாங்கலாம்னு கேட்டா, ஆட்டோமேட்டிக்தான் வேணும், ஃபேமிலி எல்லாரும் ஓட்டுவாங்கன்னா வெர்னா டர்போ டிசிடி. நான் மட்டும்தான் ஓட்டுவேன், ஹைவே அதிகம்னா விர்டஸ். சேல்ஸ் ஆளுங்க மேனுவல் காட்டவே தயங்குவாங்க, ஆனா ரெண்டுலயும் 6 கியர் மேனுவல் இருக்கு, விர்டஸ்க்கு 1.5ல 2023லதான் வந்துச்சு. நான் மேல சொன்ன கிளட்ச் புலம்பல் எல்லாம் அதுல உங்க இடது கால் பொறுப்புல வந்துரும், அதனால டெஸ்ட் டிரைவ்ல அதையும் கேட்டு வாங்கி ஓட்டுங்க, இன்னைக்கு திரும்ப வாங்கறதா இருந்தா நான் அதான் எடுப்பேன்.

இப்ப மாப்ள வெர்னாவுக்கு டயர் மாத்தற நேரம் வந்தாச்சு, 215 அகலம் போடலாமான்னு ஒரு வாரமா நச்சரிக்கறான். அகலத்த ஏத்தினா உருள்ற எதிர்ப்பு ஏறும், மைலேஜ் இறங்கும், அதே 205லயே நல்ல சாஃப்ட் காம்பவுண்ட் (மென்மையான ரப்பர்) டயரா பாருன்னு சொல்லியிருக்கேன், முதல் 60 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் அதோட பிரச்சனையே புடிப்புதானே. மாத்தினதும் ரெண்டையும் திரும்ப ட்ராக்குக்கு கொண்டு போய் காலைலயே அளந்துட்டு நம்பரோட எழுதறேன்.